கண்ணுக்கு மட்டுமல்ல இந்தப் பச்சைச் சாயம்

ரத்த ஓட்டத்தைக் காட்ட உதவும் இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயத்தைக் கண் பரிசோதனைக்கானது என்று மட்டும் நான் படித்த ஒரு கட்டுரை சொல்லிவிட்டுப் போவது எனக்கு வருத்தம்தான். குடல் அறுவை சிகிச்சையில் அதன் பயன் மிகப் பெரிது. வெட்டிய குடலின் இரு முனைகளையும் இணைக்கும் சமயத்தில் அதைச் சிரையில் ஊசி மூலம் செலுத்துவார்கள். அது ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு ரத்தக் குழாய்களுக்குள்ளேயே ஓடும். அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைப் பாய்ச்சினால், ரத்தம் போகும் பகுதி கேமராவில் ஒளிரும். போகாத பகுதி இருண்டு கிடக்கும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். ரத்தம் போகாத இடத்தில் இணைத்தால் அது சரியாக ஆறாமல் கசியலாம்; கசிந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அப்புறம், ஆரோக்கியமான கல்லீரல் இதை வேகமாகப் பித்தத்தில் வெளியேற்றிவிடும். ரத்தத்தில் இதன் அளவு 3, 4 நிமிடங்களில் பாதியாகிவிடும். அதனால் தேவைப்பட்டால் மறுபடியும் செலுத்திப் பார்க்கலாம். சில தயாரிப்புகளில் சோடியம் அயோடைடு இருக்கிறது. அயோடைடு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.