பாம்புப் படம் போட்ட தோழருக்கு

நேற்று தோழர் போட்ட பாம்புப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் சிரிப்புக்குறி வேறு போட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் 2020 அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் யார் என்று நடுவழிக்காரர் பைடன், இடது பக்கம் சாய்ந்த சாண்டர்ஸ், வாரன் எனப் பலர் மோதும் போட்டி. அதிலிருந்து எலிசபெத் வாரன் விலகிய சூடு ஆறுவதற்குள், அவரைப் பாம்பாகக் காட்டி, "சாண்டர்ஸ் தோற்றதற்கு இந்த அம்மாதான் காரணம், ஓட்டைப் பிரித்துவிட்டார்" என்று தீர்ப்பு. ஏன் என்று கேட்டால், "உங்களுக்கு அங்கே ஓட்டா இருக்கிறது?" என்கிறார். இல்லைதான். தோழருக்கு மட்டும் சாண்டர்ஸின் மாநிலமான வெர்மான்ட்டில் ரேஷன் கார்டா இருக்கிறது?

சரி, பிரித்தார் என்றால் கூட்டிப் பார்ப்போமே. சவுத் கரோலைனா மாநில வாக்கெடுப்பில் பைடனுக்கு 48 சதவீதத்துக்கு மேல். சாண்டர்ஸுக்குச் சுமார் 20, வாரனுக்கு 7. வாரனின் ஓட்டை ஒன்றுவிடாமல் வழித்து சாண்டர்ஸ் தட்டில் போட்டாலும் 27தான். வர்ஜீனியாவில் பைடன் தனியாளாக 53. அங்கே யார் ஓட்டை யார் பிரித்தது?

உடனே மாசசூசெட்ஸ், மெய்ன் என்று வருவீர்கள். அங்கே இருவர் ஓட்டையும் கூட்டினால் பைடனைத் தாண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாரனுக்குப் போட்டவர்கள் அத்தனை பேரும் அடுத்தபடியாக சாண்டர்ஸுக்குத்தான் போட்டிருப்பார்கள் என்று யார் சொன்னது? இரண்டாவது விருப்பம் யார் என்று கேட்ட கருத்துக்கணிப்புகளில் அவர்களில் நிறையப் பேர் பைடனைச் சொன்னார்கள். ஓட்டு என்ன, அண்ணன் சொத்து தம்பிக்குப் போகிற மாதிரி தானாகப் போய்ச் சேருமா?

மார்ச் 1 அன்று இன்னொரு போட்டியாளர் புட்டிஜெஜ் விலகினார். மறுநாள் போட்டியிலிருந்த குளோபுச்சாரும் விலகினார். அன்றைக்கே இருவரும் டல்லாஸில் பைடனுக்கு ஆதரவு சொன்னார்கள். ஆட்டம் திரும்பியது அங்கே. அதைப் பற்றித் தோழர் ஒரு வரி எழுதவில்லை. 50 கோடி டாலருக்கு மேல் கொட்டி, கடைசியில் அமெரிக்க சமோவா என்ற குட்டித் தீவுப் பகுதியை மட்டும் ஜெயித்த இன்னொரு போட்டியாளர் ப்ளூம்பெர்க், பைடனின் ஓட்டைத்தானே தின்றார்? அவருக்குப் பாம்புப் படம் கிடையாது. பிப்ரவரி 19 லாஸ் வேகாஸ் விவாதத்தில் அந்தப் பணக்காரரை நார்நாராகக் கிழித்தது இதே 'பாம்பு'தான். அன்றைக்குத் தோழர் கைதட்டிப் பதிவு போட்டார், தேடிப் பாருங்கள்.

"பெண் என்பதால் முட்டுக் கொடுக்கிறாய்" என்பீர்கள். கொள்கை பிடித்துத்தான் பார்க்க ஆரம்பித்தேன். ஆனால் இப்போது அதுவும்தான் காரணம், போதுமா? புதன்கிழமை காலை அடுப்பில் இட்லிப் பானை, கையில் போன். சொந்த மாநிலமான மாசசூசெட்ஸிலேயே வாரனுக்கு மூன்றாவது இடம் என்று தெரிந்தபோது பானையில் தண்ணீர் சுண்டிக் கருகல் வாடை வந்துவிட்டது. ஓட்டு இல்லாத ஊர் தேர்தலுக்கு இப்படியா என்று வீட்டில் சிரித்தார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் எங்கள் அலுவலக ஊழியர் சங்கத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு மனு கொடுத்தேன். எங்கள் அணியிலேயே இன்னொருவரும் கொடுத்திருந்தார். "ஓட்டு பிரிஞ்சிடும்மா, நீங்க கொஞ்சம் விட்டுக்கொடுங்க" என்று நாலு பேர் வந்து கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்கள். அவரிடம் போய் யாரும் டீ வாங்கிக் கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தேன். அவர் தோற்றார். அப்புறம் என்ன பேச்சு தெரியுமா? "இந்தம்மா கடைசி நேரத்துல விலகிக் குழப்பிட்டாங்க." நின்றிருந்தால் பிரித்தாள், விலகினால் குழப்பினாள். டீ வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர்தான் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வியாழக்கிழமை வாரன் வீட்டு வாசலில் நின்று, இன்னும் நாலு வருடம் காத்திருக்க வேண்டிய சின்னப் பெண்களைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்குச் சின்ன வயது இல்லை, அந்த நாடும் இல்லை. இருந்தாலும் அழுதேன். கணக்கில் ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டேன், தெரிகிறது.

தோழர், நாளைக்கு மார்ச் 8. வழக்கம்போலப் பூங்கொத்துப் படத்தோடு மகளிர் தின வாழ்த்து போடுவீர்கள். அதில் என்னை டேக் செய்ய வேண்டாம்.