வாளிக்குள் 20 லிட்டர் கடல்

(பவளம் வளர்க்கும் மாப்பிள்ளை. சில நாள் தங்கிப் போக வந்திருக்கும் மாமனார், ஓய்வுபெற்ற தணிக்கையாளர். நடுவில் ஒரு வாளி, ஒரு மூட்டை உப்பு. சற்றுத் தள்ளி 200 லிட்டர் பவளத் தொட்டி. அதில் 20 லிட்டரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு.)

மாமா: மாப்பிள்ளை, தப்பாக நினைக்கக் கூடாது. சமையலறையில் டப்பா நிறைய உப்பு இருக்கிறது. இந்த மூட்டை எதற்கு?

மாப்பிள்ளை: இது செயற்கைக் கடல் உப்பு மாமா. கடலில் என்னென்ன எந்த விகிதத்தில் கரைந்திருக்கிறதோ, அதே கணக்கில் தொழிற்சாலையில் கலப்பது. சமையல் உப்பு வெறும் சோடியம் குளோரைடு. கடலில் கரைந்திருக்கும் உப்பில் அது ஏறக்குறைய 85 சதவீதம்தான்.

மாமா: 85 வாங்கினால் முதல் வகுப்பாயிற்றே!

மாப்பிள்ளை: பவளத்துக்கு மீதி 15தான் முக்கியம். மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட், பைகார்பனேட் எல்லாம் அதற்குள் வருகின்றன. கால்சியமும் கார்பனேட்டும் இல்லாமல் பவளம் எதை வைத்துக் கூடு கட்டும்?

மாமா: சரி. அந்த விகிதம் சரிதான் என்று யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டது?

மாப்பிள்ளை: சேலஞ்சர் என்று ஒரு கப்பல், 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றியது. அது கொண்டுவந்ததில் 77 மாதிரிகளை டிட்மார் என்ற வேதியியலர் பகுத்துப் பார்த்து 1884இல் வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடும், குறையும். முக்கிய உப்புகளின் விகிதம் மட்டும் எந்தக் கடலிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மாமா: அதாவது நாலு வருடம் கப்பலில் ஊர் சுற்றிவிட்டு, "எல்லா இடத்திலும் ஒரே தண்ணீர்தான் ஐயா" என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பயணப்படி என் மேசைக்கு வந்திருந்தால் நான் பாஸ் பண்ணியிருக்க மாட்டேன்.

மாப்பிள்ளை: (பெருமூச்சுடன்) ஆமாம் மாமா.

மாமா: இவ்வளவு பாடு எதற்கு? கடலிலேயே நாலு குடம் எடுத்து வந்தால் ஆயிற்று.

மாப்பிள்ளை: கரையோரத் தண்ணீரில் சாக்கடையும் மழைநீரும் கலந்திருக்கும். அதில் மிதக்கிற நுண்ணுயிர்களும் குடத்தில் அடைத்து வைத்தால் செத்து அழுகும். எடுக்கிறவர்கள் எடுக்கிறார்கள்தான். ஆனால் கரையை விட்டுத் தள்ளிப் போய் எடுக்க வேண்டும், வடிகட்ட வேண்டும், சோதிக்க வேண்டும்.

மாமா: அப்படியானால் வாளியில் இருப்பது குழாய்த் தண்ணீரா?

மாப்பிள்ளை: ஐயோ, இல்லை. ஆர்.ஓ.வில் வடித்து, அதற்குப் பிறகு மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பிசினிலும் விட்டு எடுத்தது. குளோரின், பாஸ்பேட், சிலிக்கேட், செம்பு ஒன்றும் தங்காது. கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும்.

மாமா: கொஞ்சம் பொறுங்கள். தண்ணீரில் இருந்த உப்பையெல்லாம் செலவு செய்து வெளியே எடுக்கிறீர்கள். பிறகு காசு கொடுத்து உப்பு வாங்கி உள்ளே போடுகிறீர்கள்.

மாப்பிள்ளை: ...ஆமாம்.

மாமா: என் மகளுக்கு இது தெரியுமா?

(இந்தக் கேள்விக்கு மீன்தொட்டிக்காரர் எவரிடமும் நேரான பதில் இருப்பதில்லை. மாப்பிள்ளை சட்டென்று மூட்டையை உருட்டத் தொடங்குகிறார்.)

மாமா: அதை ஏன் குழந்தையைத் தாலாட்டுவது போல உருட்டுகிறீர்கள்?

மாப்பிள்ளை: வண்டியில் வரும்போது பொடி ஒரு பக்கமும் பரல் ஒரு பக்கமுமாகப் பிரிந்திருக்கும். உருட்டிக் கலக்காமல் மேலாக அள்ளினால், முதல் வாளி ஒரு கடல், கடைசி வாளி வேறு கடல்.

மாமா: எத்தனையோ வகை இருக்குமே, இந்த வகையை ஏன் எடுத்தீர்கள்?

மாப்பிள்ளை: (உற்சாகமாக) இது பவளத்துக்கென்றே செறிவூட்டியது! கடலில் கால்சியம் 410, 420 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் அத்தனை பங்குதான் இருக்கும். இதில் 450. ஆல்கலினிட்டி, அதாவது கார்பனேட், பைகார்பனேட் இருப்பு, டி.கே.எச். என்ற அலகில் கடலில் 7. இதில் 12!

மாமா: உங்கள் தொட்டியில் இப்போது ஆல்கலினிட்டி எவ்வளவு?

மாப்பிள்ளை: 8.

மாமா: பவளம் நன்றாகத்தானே இருக்கிறது?

மாப்பிள்ளை: ரொம்ப நன்றாக இருக்கிறது.

மாமா: 200 லிட்டரில் 20 லிட்டரை எடுத்துவிட்டு, 12 உள்ளதை ஊற்றினால்... 8.4. பரவாயில்லை, தாங்கும். ஒருநாள் ஆசைப்பட்டுப் பாதித் தொட்டியை மாற்றினால்?

மாப்பிள்ளை: 10 ஆகிவிடும். திடீரென்று ஏறினால் பவளத்துக்கு ஆகாது. கிளைவகைப் பவளத்துக்கு நுனி வெந்து வெளுக்கும். அதிலும் தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் ரொம்பக் குறைவான தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

மாமா: உங்கள் தொட்டியில் எப்படி?

மாப்பிள்ளை: ரொம்பக் குறைவு.

மாமா: ஆக, 7, 8 உள்ள உப்பு வாங்கியிருந்தால் போதும். இதை ஏன் வாங்கினீர்கள்?

மாப்பிள்ளை: (தரையைப் பார்த்து) பையில் பவளப் படம் நன்றாக இருந்தது மாமா.

மாமா: போகட்டும். இது 12ஐக் குடிக்கிற அளவுக்குப் பவளம் நெருக்கமாக வளர்ந்த தொட்டிக்காரருக்கு ஏற்ற உப்பு. இந்த மூட்டை தீரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அடுத்த முறை உங்கள் தொட்டியின் எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சரி, நானும் கை கொடுக்கிறேன். காலி வாளியில் உப்பைக் கொட்டிவிட்டு இந்தத் தண்ணீரை மேலே—

மாப்பிள்ளை: (பாய்ந்து) மாமா! தண்ணீரில்தான் உப்பு, உப்பில் தண்ணீர் கூடாது!

மாமா: எப்படிப் போட்டாலும் கரையத்தானே போகிறது?

மாப்பிள்ளை: கரையாது. கொஞ்சத் தண்ணீரில் மொத்த உப்பும் நின்றால் கால்சியமும் கார்பனேட்டும் அங்கேயே கைகோத்துச் சுண்ணாம்பாக இறங்கிவிடும். பால் போல வெளுக்கும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அது திரும்பக் கரையாது. வாளியில் தண்ணீர் முழுக்க இருக்க வேண்டும், மோட்டார் ஓட வேண்டும், உப்பைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். அதிகம் சூடாக்கினாலும் இதே கதைதான்.

மாமா: அளவு?

மாப்பிள்ளை: வகையைப் பொறுத்து லிட்டருக்கு 36 முதல் 39 கிராம். இதற்கு 38.

மாமா: 760 கிராம். எடை போடுங்கள்.

(தூவுகிறார்கள். மோட்டார் சுழல்கிறது. தண்ணீர் கலங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்து மாமா உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைக் கண்ணில் வைத்துச் சன்னல் பக்கம் திரும்புகிறார்.)

மாமா: மேலே நீலம், கீழே வெள்ளை. கோடு 33இல் நிற்கிறது. 35 அல்லவா வேண்டும்? எடை சரியாகப் போட்டோமே!

மாப்பிள்ளை: மூட்டையை நான் சரியாகக் கட்டி வைக்கவில்லை போலிருக்கிறது. மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரத்தையும் சேர்த்து எடை போட்டிருக்கிறோம்.

மாமா: அல்லது இந்தக் கருவி பொய் சொல்கிறது. எதை வைத்துச் சரிபார்த்தீர்கள்?

மாப்பிள்ளை: 35 பி.பி.டி., அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு என்று காட்ட வேண்டிய திரவம் விட்டுத்தான். இன்று காலையில்.

மாமா: (முதல்முறையாக மரியாதையுடன் பார்த்து) அப்படியானால் லிட்டருக்கு 2 கிராம் வீதம் 40 கிராம், ஈரத்துக்கு மேலே ஒரு சிட்டிகை. போடுங்கள்.

மாப்பிள்ளை: போட்டாயிற்று. தெளிந்ததும் தொட்டியில் ஊற்றிவிடலாம்.

மாமா: (மூட்டையைத் திருப்பிப் படித்து) கையை எடுங்கள். முழுதாகக் கரையும்வரை ஓட விட வேண்டும் என்று போட்டிருக்கிறது. திரும்ப அளக்கவும் வேண்டும். தண்ணீர் 23 டிகிரி, தொட்டி 25. ஹீட்டர் எங்கே?

மாப்பிள்ளை: மாமா, தொட்டியில் மட்டம் வேறு இறங்கியிருக்கிறது. அதையாவது இந்தத் தண்ணீரில்—

மாமா: ஆவியாகிப் போனது தண்ணீர். உப்பு உள்ளேயேதான் இருக்கிறது. அதன்மேல் இன்னும் உப்புத் தண்ணீரா? ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

மாப்பிள்ளை: இதை உங்களுக்கு யார் சொன்னது?

மாமா: வரவு செலவுக் கணக்குதானே மாப்பிள்ளை, இதற்கு யார் சொல்ல வேண்டும்? (நாற்காலியை வாளிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து) இந்த வாரம் ஊருக்குக் கிளம்பலாம் என்றிருந்தேன். அடுத்த தண்ணீர் மாற்றம் எப்போது?

மாப்பிள்ளை: அடுத்த ஞாயிறு.

மாமா: அதற்கடுத்தது?

மாப்பிள்ளை: வாராவாரம் உண்டு மாமா.

மாமா: அட! அப்படியானால் இருந்துவிட்டே போகிறேன்.

மாப்பிள்ளை: (அவசரமாக) இல்லை, இனிமேல் மாதம் ஒருமுறை மொத்தமாக மாற்றிவிடலாம் என்று—

மாமா: கூடவே கூடாது. திடீரென்று ஏறினால் பவளத்துக்கு ஆகாது. நீங்கள்தானே சொன்னீர்கள்?