மைலோ டின்னுக்குள் 11 அட்டை

போன வாரம் சுங்கை சிப்புட்டில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். காலமெல்லாம் பால்மரம் சீவியவர். நெஞ்சடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து 3 வருஷமாகிறது. ஊறுகாய் தேடி அலமாரியில் இருந்த மைலோ டின்னைத் திறந்தால், உள்ளே சிம்வாஸ்டாட்டின். எண்ணினேன், 11 அட்டை. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை.

"கொழுப்பு மாத்திரை எதிர்ப்பு சக்திய அடக்கிடுமாம், கேன்சர் வருமாம் மாப்ள. வாட்சாப்ல வந்துச்சு."

அந்தச் செய்தி முழுப்பொய்யாக இருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். பாதி உண்மை. அதுதான் ஆளைக் கவிழ்க்கிறது.

எதிர்ப்பு சக்தி விஷயம் ஆதாரமில்லாதது அல்ல. லாஸ் ஏஞ்சலஸில் இருதயம் மாற்றிய 97 பேரிடம் செய்த ஆய்வு 1995இல் வந்தது. சிம்வாஸ்டாட்டின் மாதிரியே ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையான பிராவஸ்டாட்டினை எடுத்தவர்களில் ஒரு வருஷம் கழித்து 94 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள், எடுக்காதவர்களில் 78. புது இருதயத்தை உடம்பு கடுமையாக எதிர்த்ததும் குறைவு. கொழுப்பு குறைந்ததால் மட்டும் வந்த பலன் இதில்லை என்று அப்போதே சந்தேகப்பட்டார்கள். 2000இல் ஜெனீவா ஆய்வாளர்கள் ஒரு காரணம் காட்டினார்கள்: எதிர்ப்பு சக்தியின் படைவீரர்களான டி செல்களைத் தட்டியெழுப்பும் எம்எச்சி 2 என்ற அடையாளப் புரதம் செல்களின் மேல் வருவதை ஸ்டாட்டின் குறைக்கிறது.

சரி, எதிர்ப்பு தணிந்தால் கட்டி வளராதா? நியாயமான பயம். 1996இல் வந்த ஓர் ஆய்வில் பிராவஸ்டாட்டின் எடுத்த பெண்களில் 12 பேருக்கு மார்பகப் புற்றுநோய், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்குத்தான். வாட்சாப் இதோடு நிறுத்திக்கொள்ளும். அப்புறம் 27 ஆய்வுகளில் இருந்த சுமார் 1,75,000 பேரின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். புற்றுநோய் கூடவில்லை, குறையவும் இல்லை. இந்தப் பாதியை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறு. கிட்னி மாற்றி, புது உறுப்பை உடம்பு எதிர்க்காமலிருக்க சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை எடுப்பவர்கள் சிம்வாஸ்டாட்டினைத் தொடவே கூடாது. ரத்தத்தில் அதன் அளவு எகிறி, தசை சிதைந்து, அந்தக் கழிவு புதுக் கிட்னியையே கெடுத்துவிடக்கூடும். நம் தம்புன் லிமாவ் பாலிகூட (பம்ப்ளிமாஸ் பழம்) சைக்ளோஸ்போரின் அளவை ஏற்றிவிடும். எந்த கிளினிக்குக்குப் போனாலும் எல்லா மாத்திரையையும் எடுத்துப் போய் மேசையில் வையுங்கள்.

மாத்திரை எதற்கென்று மாமாவுக்குத் தமிழில் யாராவது 5 நிமிஷம் சொல்லியிருந்தால், ஸ்டென்ட் வைத்த மனுஷர் இத்தனை மாதம் வெறுமனே இருந்திருக்க மாட்டார். எனக்கு அதுதான் ஆறவில்லை. நானும் கேட்காமல் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறேன். மாமாவோடு அந்த மைலோ டின்னும் கிளினிக்குக்கு வருகிறது.