காணொளி உண்மையாக இருக்கலாம், ஆள் வேறாகவும் இருக்கலாம்

மலேசியாவில் தேர்தல் காற்று அடிக்கத் தொடங்கினால் போதும், யாரோ ஓர் அரசியல்வாதியின் ‘அந்த மாதிரி’ காணொளி புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஓட ஆரம்பித்துவிடும். செந்தூலில் இருந்து பட்டர்வொர்த் வரை அரை மணி நேரத்தில் தீர்ப்பும் வந்துவிடும். பிடிக்காத கட்சிக்காரர் என்றால் ‘நூற்றுக்கு நூறு உண்மை’. நம்மாள் என்றால் ‘எல்லாம் ஏஐ-ல செஞ்சதுண்ணே’. இரண்டு தரப்புமே காணொளியைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆளைப் பார்த்துச் சொல்கிறது. எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

‘போலியா?’ என்ற ஒற்றைக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பதிவில் யாரும் கைவைக்கவில்லையா? அதில் இருப்பவர் அவர்தானா? சொல்லப்படும் நாளும் இடமும் சரியா? ஒன்றுக்குக் கிடைத்த பதில் மற்றதற்குப் பொருந்தாது. 2019 ஜூனில் ஓர் அமைச்சரைத் தொடர்புபடுத்திப் பரவிய படுக்கையறைக் காணொளிகளை நினைத்துப் பாருங்கள். அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் ஆய்வை வைத்து, அவை உண்மையான பதிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார் அன்றைய தேசியப் போலீஸ் படைத் தலைவர். ஆனால் முக அடையாள ஆய்வில் அங்கே இருப்பவர் யார் என்பது உறுதியாகவில்லை என்றும் சேர்த்தே சொன்னார். 2020 ஜனவரியில், யார் மீதும் வழக்கு இல்லை என்று சட்டத்துறைத் தலைவர் முடித்துவைத்தார். முதல் கேள்விக்கு ஒரு பதில், இரண்டாவதற்குப் பதிலே இல்லை. இந்த நிலையை ஏற்றுக்கொள்ள நமக்கு ஏன் இவ்வளவு சிரமம்?

இதற்கு நேர்மாறானது, நீதிபதி நியமனம் பற்றி வழக்கறிஞர் வி.கே.லிங்கம் தொலைபேசியில் பேசுவதைக் காட்டிய காணொளி. 2007-இல் வெளியானது, 2008-இல் அரச விசாரணை ஆணையம் அதை விசாரித்தது. படம் பிடித்தவரே ஆணையத்தின் முன் வந்து சாட்சி சொன்னார். பதிவு உண்மை, பேசியவர் அவர்தான் என்ற முடிவுக்கு ஆணையம் வந்தது. எடுத்தவர் யார், எந்தக் கருவியில், அது யார் யார் கைக்குப் போனது என்ற சங்கிலி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிக்சலை உற்றுப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

புலனத்தில் வந்த பிரதியை வைத்து நிபுணரால்கூட அதிகம் சொல்ல முடியாது. அனுப்பும்போதே செயலி காணொளியை மறுபடி சுருக்குகிறது. எந்தக் கைப்பேசி, எப்போது, எங்கே என்ற உள்விவரங்கள் போய்விடுகின்றன. யாராவது அதைச் சேமித்து மறுபடி ஏற்றினால் இன்னொரு முறை சுருங்கும். கேமரா சென்சார் விட்டுச்செல்லும் நுண்ணிய இரைச்சல் தடமும் இதில்தான் மங்கிப்போகிறது. அதனால், ‘மூலக் கோப்பு எங்கே?’ என்பதே முதல் கேள்வி. அந்தக் கோப்பு இருப்பவரிடம் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். அப்போது கோப்பு அப்படியே வரும். (ஆபாசக் காட்சி என்றால் அதுவும் கூடாது, கருவியோடு நேரே போலீசிடம்.) உள்விவரத்தைப் படிக்க மீடியாஇன்ஃபோ, எக்ஸிஃப்டூல் போன்ற இலவசக் கருவிகள் போதும். இங்கே பலர் சறுக்குகிறார்கள்: எம்பி4 கோப்பில் ‘உருவாக்கிய நேரம்’ பொதுவாக உலகப் பொது நேரத்தில் (UTC) இருக்கும். நமக்கு 8 மணி நேரம் கூட்ட வேண்டும். விடியற்காலை 3 மணி என்று பதறுகிறீர்கள், உண்மையில் அது காலை 11 மணி. உள்விவரத்தை மாற்றி எழுதவும் முடியும் என்பதால், அது துப்புதான், சான்று அல்ல.

அடுத்து முகம். விஎல்சி என்ற காணொளி இயக்கியில் படத்தை நிறுத்தி ‘இ’ (E) விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டமாக (ஃப்ரேம்) நகரும். முகமாற்று வேலைகள் பெரும்பாலும் புருவத்தில் இருந்து தாடை வரைதான் ஒட்டும். காது மட்டும் மூலக் காணொளியில் இருந்த ஆளுடையதாகவே இருக்கும். காது மடல், மடிப்பு, காதுக்கும் தாடைக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றை, அந்த அரசியல்வாதியை அதே கோணத்தில் எடுத்த நல்ல படத்தோடு ஒப்பிடுங்கள். கை முகத்தைக் கடக்கும்போதும், தலை முழுப் பக்கவாட்டில் திரும்பும்போதும் ஒட்டு பிசிறும். பரவலாகக் கிடைக்கும் சில கருவிகள் 128-க்கு 128 பிக்சலில் முகத்தை உருவாக்கிப் பெரிதாக்கி ஒட்டுகின்றன. அதனால் நெருக்கக் காட்சியில் கழுத்துத் தோல் தெளிவாகவும் கன்னம் மழுங்கலாகவும் தெரியும். முழுக்க முழுக்க இயந்திரமே உருவாக்கிய காட்சியில் இந்தக் காதுச் சோதனை உதவாது.

பேச்சை மட்டும் மாற்றியிருந்தால் வாயைப் பாருங்கள். ப, ம சொல்ல உதடு மூடியே ஆக வேண்டும். வ-வுக்குக் கீழ் உதடு மேற்பல்லைத் தொடவோ நெருங்கவோ வேண்டும். ‘அம்மா’ என்ற ஒலி கேட்கும்போது உதடு திறந்தே இருந்தால் ஏதோ கோளாறு. ஆனால் புலனப் பிரதியில் ஒலியும் படமும் தாமாகவே சற்று விலகிப்போவதுண்டு. ஓர் இடத்தில் விலகினால் அது போதாது, தொடக்கம் முதல் கடைசி வரை பாருங்கள். கண் சிமிட்டாவிட்டால் போலி என்பது 2018 காலத்துச் சோதனை. இப்போதைய போலிகள் நன்றாகவே சிமிட்டுகின்றன.

இடத்தை அறை காட்டிக்கொடுக்கும். கோலாலம்பூர் ஹோட்டல் என்கிறார்களா? சுவரில் மூன்று செவ்வகக் கால் பிளக் இருக்கிறதா, கூரையில் தொழுகைத் திசை காட்டும் கிப்லாட் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே ஹோட்டல் என்று ஆகிவிடாது. இரண்டு கால் பிளக் மட்டுமே இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஜன்னலில் பளிச்சென்ற வெயில், நேரமோ காலை 6.30 என்றால் நம்பாதீர்கள். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் எழுவதே 7 மணியை ஒட்டித்தான். சிசிடிவி கடிகாரம் தவறாக வைக்கப்பட்டிருப்பது மிகச் சாதாரணம், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஏஐ என்ற சொல்லே எல்லாரையும் மயக்கிவைத்திருக்கிறது. நிறைய மோசடிக்கு அது தேவையே இல்லை. 2019 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் அன்றைய சபாநாயகர் நான்சி பெலோசி குடித்துவிட்டு உளறுவதுபோல் பரவிய காணொளி, உண்மைப் பேச்சை ஏறக்குறைய 75 விழுக்காடு வேகத்துக்குக் குறைத்தது, அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் 1.33 மடங்கு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், குரல் இயல்புக்கு வந்துவிடும். முக்கியச் சட்டங்களை எடுத்து கூகுள் லென்ஸிலும் யாண்டெக்ஸிலும் தேடினால், பழைய காணொளிக்குப் புதுத் தலைப்பு வைத்த வேலைகள் அகப்படும்.

‘92 விழுக்காடு போலி’ என்று எண் காட்டும் இணையக் கருவிகளைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள். அந்த எண் அந்தக் கருவியின் மதிப்பெண், நிகழ்தகவு அல்ல. சுருங்கிய, இருண்ட காணொளியில் அது இரண்டு பக்கமும் தவறும். பொதுவான செய்திகளுக்கு sebenarnya.my என்ற ‘செபெனார்ஞா’ சரிபார்ப்பு அகப்பக்கம் 2017 முதல் இருக்கிறது. தொடர்பு பல்லூடக ஆணையத்தின் ‘ஐஃபா’ என்ற சரிபார்ப்புக் கருவி புலனத்திலேயே தமிழில் பதில் தரும்.

படுக்கையறைக் காட்சியை மட்டும், ‘உண்மையாண்ணே?’ என்று கேட்பதற்காகக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். அதில் அரசியலுக்கே சம்பந்தமில்லாத இன்னொரு மனிதரும் இருக்கிறார். கேட்பதற்காக அனுப்பினாலும் சட்டத்தின் கண்ணில் அது அனுப்பியதுதான். 2025 திருத்தத்துக்குப் பிறகு 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவில் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகும். எந்தக் குழு, அனுப்பிய எண், வந்த நேரம் ஆகியவற்றைக் குறித்துவைத்து, காணொளிக்கு இணைப்பு இருந்தால் அதை மட்டும் சேர்த்து ஆணையத்திடம் புகாராகக் கொடுங்கள்.