விற்றமின் சி குளிசையும் வயிற்று அமீபாவும்

அண்ணன், "விற்றமின் சி அமீபாவைக் கொல்லும், ஆய்வுகூடத்தில் நிரூபித்தாச்சு, பூச்சி மருந்தே தேவையில்லை" என்று போட்டிருக்கிறீங்க, அது பிழை. ஆய்வுகூடத்தில் எண்டமீபாவை (வயிற்றுளைவு தரும் குடல் அமீபா) வளர்க்க 1978இல் டயமண்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட டிவைஐ-எஸ்-33 (TYI-S-33) என்ற வளர்ப்புக் கரைசலை எடுங்க: அதற்குள் குளுக்கோஸ், மாட்டுச் சீரம், இரும்பு உப்பு, விற்றமின் கலவை, அதோடு அஸ்கோர்பிக் அமிலமும் இருக்கு, அதாவது நீங்க சொல்ற அதே விற்றமின் சி! ஒட்சிசன் கூடினால் அமீபாவுக்கு ஆகாது, அந்த ஒட்சிசனைக் குறைக்கத்தான் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து அதையும் போடுறாங்க. கொல்ல இல்லை, வளர்க்க.

சரி, விற்றமின் சி அளவு கூடினால் சோதனைக் குழாய்க்குள் வேறு மாதிரி நடக்கலாம். ஆனால் நாம் விழுங்குவது பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், அமீபா இருப்பதோ பெருங்குடலில். மிஞ்சினது வயிற்றோட்டத்தைத்தான் கூட்டும், அதைப் பார்த்துப் "பூச்சி போகுது" என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். (போன மாசம் உப்புவெளியில் என் மச்சான் பட்ட பாடு இது, மூன்று நாள் கிணற்றடியை விட்டு நகரவில்லை.)

அப்புறம், பூச்சி மருந்து என்று நீங்க சொல்றது குடற்புழுவுக்கு, புழுவும் அமீபாவும் ஒன்றில்லை. மெபெண்டசோல் புழுவுக்கு, மெட்ரோனிடசோல் அமீபாவுக்கு. மலப் பரிசோதனை செய்துவிட்டு டொக்டரிடம் கேளுங்க. தேசிக்காய்த் தண்ணியைத் தாகத்துக்குக் குடியுங்க.