சக்கர நாற்காலிக்கு முன்னால் ஓர் இஞ்ச் டேப்

மூளை முடக்குவாதம் உள்ள ஆறு வயதுப் பிள்ளைக்கு முகாமில் பெரியவர்கள் அளவுச் சக்கர நாற்காலியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். பிள்ளை ஒரு பக்கமாகச் சரிகிறது, இடுப்பு முன்னால் வழுக்குகிறது, கால் அந்தரத்தில் தொங்குகிறது. ஒரே வாரத்தில் பிள்ளை பழையபடி பாய்க்குப் போய்விடும், நாற்காலியில் துணி காயும். அதற்காக அந்த அம்மாவைக் குறை சொல்வதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. அளவெடுக்காமல் கொடுத்தது அவரா?

படுத்தே கிடக்கிற பிள்ளைக்குப் பெரிய ஆபத்து சாப்பாட்டு நேரத்தில்தான். கைக்குழந்தைக்குச் சங்கில் புகட்டுவது போலவே மடியில் மல்லாக்கப் போட்டு, எட்டு வயதிலும் கஞ்சி ஊற்றுகிற வீடுகள் உண்டு. தலை பின்னால் சாய்ந்தால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது சுலபம். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்போம்; இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி புரையேறினால் அப்படி விட்டுவிடக் கூடாது. சிலருக்கு இருமலே வராது. சாப்பிட்டதும் தொண்டை களகளவென்று கேட்கும், கண் கலங்கும், சளியும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வரும். பனிக்காற்று என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். டாக்டரிடம் காட்டும்போது, "சாப்பிடும்போது புரையேறுது" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு முதல் மருந்து சரியான இருக்கை. ஊர் ஆசாரியே செய்துவிடுவார், அளவை நாம் சரியாகச் சொன்னால். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து அளக்க வேண்டும். இருக்கையின் அகலம் இடுப்பின் அகலமேதான், "வளர்ற பிள்ளை" என்று கூட்டக் கூடாது. ஆழம், பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து அதில் இரண்டு விரல் குறைவு. குறைக்காவிட்டால் பலகை கெண்டைக்காலில் இடித்து இடுப்பை முன்னால் இழுத்துவிடும். பாதம் முழுதாகப் பதிய ஒரு பலகை, முழங்கை உயரத்தில் முன்தட்டு. பிள்ளையைக் கட்டுகிற வார் வயிற்றில் வரக் கூடாது. தொடை மடிகிற இடத்தில் சாய்வாக இறங்க வேண்டும். முதுகைப் பின்னால் வில்லாக வளைத்துத் தள்ளுகிற பிள்ளைக்கு இரண்டு பலகை சேர்கிற மூலை இருக்கை நல்லது, தோள் தானாக முன்னால் வரும்.

மரத்துக்குக் காசில்லையா, மளிகைக் கடை அட்டைப்பெட்டி போதும். மைதா பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டி, மேலே செங்கல் ஏற்றி, நன்றாகக் காயவிட்டால் பலகை மாதிரி ஆகிவிடும். ஈரம் உள்ளே நின்றால் பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பயந்து பசையில் மயில்துத்தம் மட்டும் போட வேண்டாம். விஷம், பிள்ளை வாய் வைக்கும்.

இடுப்போ முதுகோ ஏற்கெனவே கோணியிருந்தால், பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் பார்த்த பிறகே ஆசாரியிடம் போங்கள்.

ஊட்டுபவர் எதிரே, பிள்ளையின் கண் மட்டத்தில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், வந்தது வினை. கரண்டி கீழிருந்து வரட்டும். பாதிக் கரண்டி போதும்; நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை பொறுத்து, நேராக எடுக்கணும். ரசம் சோறு வேண்டாம்: தண்ணீர் முந்திக்கொண்டு ஓடும், பருக்கை வாயில் நிற்கும். குழைய மசித்த பருப்புச் சோறு நல்லது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

இத்தனையும் செய்ய அம்மா வீட்டில் இருக்க வேண்டும், அன்றைய கூலி போகும். அதனால்தான் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன். மாத உதவித்தொகை 2,000 ரூபாய்க்கும், வருடத்துக்கு 1 லட்சம் வரையான நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் மாற்றுத்திறனாளி சான்று வேண்டும். சான்று கொடுக்கிற மருத்துவக் குழு எந்தக் கிழமை உட்காருகிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தெரியாமல் போய்த் திரும்பினால் பஸ் காசோடு ஒரு நாள் கூலியும் போச்சு.

பிள்ளை வளரும் என்பதால் ஆசாரியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: கால்பலகைக்கு ஓர் இஞ்ச் இடைவெளியில் நாலு துளை. ஆழத்தை இரண்டு இஞ்ச் கூட்டி, முதுகுக்குப் பின்னால் அந்த அளவுக்குக் கழற்றுகிற அட்டை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து, வளர்ந்திருந்தால் கால்பலகையை ஒரு துளை இறக்கி, அட்டையில் ஓர் அடுக்கை உருவிக்கொள்ளலாம்.