கண் முன்னால் இருக்கிறது, இல்லை என்கிறது

இந்தக் கட்டத்தில் இருக்கும் எண்ணும் அந்தக் கட்டத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றேதான். எனக்குத் தெரிகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிகிறது. ஒரு ஷீட்டில் இருப்பதை இன்னொரு ஷீட்டில் தேடி எடுத்துத் தருகிற எக்ஸெலின் வீலுக்கப் ஃபார்முலாவுக்கு மட்டும் தெரியாதாம். மேலிருந்து கீழ்வரை #என்/ஏ, #என்/ஏ என்று கொட்டி வைக்கிறது. ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் சங்கம் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை கொடுக்கிறது. விண்ணப்பங்கள் ஒரு ஷீட், பொருளாளர் எழுதிய தொகை இன்னொரு ஷீட். அடையாள எண்ணை வைத்து இரண்டையும் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பெயரை வைத்துத் தேடலாமே என்பார்கள். டர்பனில் எத்தனை கோவெண்டர், எத்தனை நாயுடு, எத்தனை பிள்ளை! முதலில் அகப்பட்ட கோவெண்டரைப் பிடித்துக்கொண்டு வீலுக்கப் அங்கேயே நின்றுவிடும்.

நம் தென்னாப்பிரிக்க அடையாள எண்ணுக்கு 13 இலக்கம். பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தில் தொடங்கும். இப்போது கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் 2005, 2006-இல் பிறந்தவர்கள், ஆக எண் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். விண்ணப்பங்கள் வந்த சிஎஸ்வி கோப்பை (வெறும் எழுத்தாகச் சேமித்த பட்டியல்) திறந்ததும் எக்ஸெல் அந்தப் பூஜ்யத்தை விழுங்கி 12 இலக்கமாக்கிவிடுகிறது. யார் கேட்டார்கள்? பொருளாளர் ஷீட்டிலோ அதே எண் எழுத்தாக, பூஜ்யத்தோடு இருக்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? டெக்ஸ்ட் ஃபார்முலா போட்டு அதைச் சரிசெய்தால், இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய எண்களின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. இடைவெளிகளை நீக்கும் டிரிம் போட்டாலும் போகாது. அது சாதாரண இடைவெளி இல்லை, 160-ஆம் எண் இடைவெளி. ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கும் சப்ஸ்டிட்யூட் போட்டுத்தான் துரத்த வேண்டும். போதாததற்கு, தென்னாப்பிரிக்க அமைப்பு வைத்த விண்டோஸில் தசமத்துக்கே காற்புள்ளி. அதனால் ஃபார்முலாவுக்குள் அரைப்புள்ளி வேண்டும். யூடியூபில் பார்த்ததை அப்படியே அடித்தால் அதையும் ஏற்காது.

"பிழை வந்தால் இஃப்எரர் போட்டு அதன் இடத்தில் பூஜ்யம் வரவைத்துவிடு, ஷீட் சுத்தமாக இருக்கும்" என்று யோசனை சொல்கிற அண்ணன்மார்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான் முதலில் உதைக்க வேண்டும். ஷீட் சுத்தமாகும், ஒரு பிள்ளைக்குப் பூஜ்யம் ரேண்ட் போகும். பிழை தெரிந்தால் தேடலாம், மூடி வைத்ததை யார் தேடுவது?

அதையும் மிஞ்சுகிற அநியாயம் ஒன்று. ஃபார்முலாவின் நாலாவது இடத்தில் ஃபால்ஸ் என்று எழுதாவிட்டால் வீலுக்கப் தானாகவே 'கிட்டத்தட்ட' பொருத்தம் பார்க்கும். எண்கள் வரிசையாக இருந்து, ஒரு பிள்ளையின் எண் அதில் இல்லாவிட்டால், முந்தைய பிள்ளையின் தொகையை எடுத்துக் கொடுத்துவிடும். பிழைச் செய்தி கிடையாது, சிவப்பு கிடையாது, ஒன்றும் கிடையாது. வரி அடுக்கு பார்க்க அது உதவும், சரி. அடையாள எண்ணில் கிட்டத்தட்ட என்று ஒன்று உண்டா? வீலுக்கப்புக்குப் பதிலாக வந்த எக்ஸ்லுக்கப்பில் இதைத் திருத்திவிட்டார்கள், ஆனால் சங்கத்துக் கம்ப்யூட்டரில் இருப்பது எக்ஸெல் 2016. அதில் எக்ஸ்லுக்கப்பே கிடையாது. புதிது வாங்கக் காசில்லையாம்.

இதற்குள் பொருளாளர் இன்னொரு ஷீட் அனுப்பியிருக்கிறார். அதில் பாதி வேர்டிலிருந்து ஒட்டியது.